கதிரை கிடைக்கும் வரைக்கும் ஒரு கதை

1

நேற்றுப் பின்னேரம் நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்க, டிவிச் செய்தியிலை அமெரிக்காவைக் காட்டினாங்கள். நல்ல கோட்டுப் போட்ட மனுசன் ஒருத்தரை மேசைக்கு முன்னாலை இருத்திவைச்சு, செனட்டர்மார் உயரத்திலை இருந்து கேள்வி கேக்கினம். ஆள் நீதிபதியாய் வரப்போறாராம், ஏதோ கீழ்நீதிமன்றமாம். கருக்கலைப்பு உரிமையைப் பற்றி ஒரு பொம்பிளை செனட்டர் கேட்டா. ஆள் தண்ணி ஒரு மிடறு குடிச்சார். சிரிச்சார். தனக்கு முன்னாலை வழக்காய் வரக்கூடிய விசயத்திலை தான் வாய் திறக்கிறது முறையில்லையாம்.

நான் கத்தியை வைச்சுப்போட்டு டிவியைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டன். என்ன பிறவியளப்பா இதுகள்!

ஊரிலை இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு விளங்கச் சொல்லுறன். அமெரிக்காவிலை உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியைச் சனாதிபதி சொல்லுவார். பிறகு செனட் அந்த ஆளைக் கூப்பிட்டுவைச்சு நாள்க்கணக்காய்க் கேள்வி கேக்கும். தேறினால் சாகும்வரைக்கும் நீதிபதிக் கதிரையிலை இருக்கலாம். ஒருத்தரும் இறக்கேலாது. அந்த நாட்டுப் பொம்பிளையளுக்கு அரை நூற்றாண்டாய்க் கருக்கலைப்பு உரிமை இருந்தது ஒரேயொரு தீர்ப்பாலை. ஆகவே வாறவர் போறவர் எல்லாரிட்டையும் செனட்டர்மார் அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் கேப்பினம். வந்தவை கையை உயர்த்திச் சத்தியம் பண்ணிப்போட்டு, அது முன்தீர்ப்பு, முன்தீர்ப்புக்கு மரியாதை குடுக்கவேணும், திரும்பத் திரும்ப உறுதிப்பட்ட விசயம் எண்டு தேன் ஒழுகக் கதைச்சினம். சிலர் கருத்தே இல்லாத ஆக்கள் மாதிரி முழிச்சினம். கதிரை கிடைச்சுது. வழக்கு வந்துது. அந்தத் தீர்ப்பைத் தூக்கிக் குப்பையிலை போட்டினம்.

ஒருத்தரும் 'நான் மாத்தமாட்டன்' எண்டு வாயாலை சொல்லேல்லைத்தான். அதுதான் கெட்டித்தனமாம். பெரிய படிப்புப் படிச்ச சட்ட மேதையள் அதை நாகரிகம் எண்டு விளங்கப்படுத்தினம். எங்கடை ஊரிலை அதுக்குச் சுத்துமாத்து எண்டு பேர். பிறகு, தாங்கள் நம்பி ஏமாந்துபோனம் எண்டு மூக்குச் சிந்தின செனட்டர்மாரும் இருக்கினம். அவையைப் பாக்க எனக்கு அதைவிட அருவருப்பு. பால்குடிக் குழந்தையளோ நீங்கள்?

2

எனக்கு ஏன் உந்தக் கொதி எண்டு கேப்பியள். நான் பாரிசிலை மொழிபெயர்ப்பாளர். அகதி வழக்குகளிலை எங்கடை சனம் சொல்லுறதைப் பிரெஞ்சுக்கும், கேள்வியைத் தமிழுக்கும் மாத்திக் குடுக்கிறதுதான் என்ரை சோறு. இவ்வளவு காலத்திலை நான் ஒண்டு பழகியிருக்கிறன்: பதில் இல்லாத பதில் எந்தப் பாசையிலை வந்தாலும் எனக்கு மணத்துப்போடும்.

எங்கடை சனத்துக்கு அங்கை நடக்கிறதைப் பாக்கவேணும். உன்னைப் பிடிச்சது திங்களோ செவ்வாயோ? உன்னை ஏத்திக்கொண்டு போன வானுக்கு என்ன நிறம்? முதல் விசாரணையிலை வெள்ளை எண்டனி, இப்ப ஏன் சாம்பல் எண்டுறாய்? பெடியன் வேர்த்து விறுவிறுத்து, வான் வெள்ளைதான் மேடம், புழுதி பிடிச்சிருந்தது எண்டுவான். அப்பிடிக் கேக்கிறதிலையும் ஒரு நியாயம் இருக்கெண்டு வையுங்கோ. ஆனால் அந்தப் பெடியன் எழும்பி நிண்டு, 'இது வழக்கிலை உள்ள விசயம், நான் கருத்துச் சொல்லுறது முறையில்லை' எண்டு சொன்னால் என்ன நடக்கும்? அடுத்த கிழமை பெட்டியைக் கட்டவேண்டியதுதான். பொய் சொன்னால் அகதிக்கு நாட்டுக்குள்ளை இடமில்லை, மழுப்பிச் சளாப்பினால் நீதிபதிக்கு ஆயுளுக்கும் கதிரை. நல்லாயிருக்கு உலகம்.

என்ரை கதையையும் சொல்லுறன், சிரியுங்கோ. வந்த புதுசிலை அகதியளைப் பதியிற கந்தோரிலை ஒரு மனுசி 'நீ கலியாணம் கட்டேல்லையோ?' எண்டு கேட்டா. எங்கடை வழக்கத்துக்கு நான் 'ஓம்' எண்டன். ஓம், கட்டேல்லை எண்டு. அவ என்னைக் கலியாணம் கட்டினவள் எண்டு பதிஞ்சுபோட்டா. இல்லாத புருசனை இல்லை எண்டு நிரூபிக்க நான் பட்ட பாடு நாய்படாது. ஒவ்வொரு ரந்தேவுக்கும், அவை குறிச்சுத் தந்த நேரத்துக்குப் போய் நிண்டால், 'நீதானே சொன்னாய்' எண்டு என்னைப் பாப்பினம். நான் சொன்னதுதான், மறுக்கேல்லை. ஏழைபாழையள் வாய் தவறிச் சொன்ன சொல்லுக்கும் பொறுப்பு.

3

அந்தக் கேள்வி நேரத்தை நான் முதன்முதல் டிவியிலை பாத்த நாள் எனக்கு எங்கடை இளவாலை வீட்டு விறாந்தைதான் ஞாபகம் வந்தது. பெரியக்காவைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு நடந்தது இதேதான்.

அக்கா பல்கலைக்கழகத்துக்கு, கம்பசுக்கு எடுபட்டுப் போய்க்கொண்டிருந்தவள். அப்பாவுக்கு ஒரேயொரு நிபந்தனைதான். மாப்பிள்ளை பகுதியை இருத்திவைச்சு, 'பிள்ளை படிப்பை முடிக்கவேணும், விடுவியளோ?' எண்டு நேராய்க் கேட்டார். மாப்பிள்ளையின்ரை தகப்பன் பயித்தம் பணியாரத்தைக் கடிச்சுக்கொண்டு, 'படிப்பெண்டால் எங்கடை வீட்டிலை உயிர் கண்டியளோ, படிச்ச பிள்ளையெண்டுதானே தேடி வந்தனாங்கள்' எண்டார். மாப்பிள்ளையும் தலையை ஆட்டினார். அப்பா சந்தோசத்திலை இன்னொரு தட்டுப் பணியாரம் கொண்டுவரச் சொன்னார், பாவம்.

கலியாணம் முடிஞ்சு கம்பஸ் திறக்க, அக்கா புத்தகப் பாக்கைத் தூக்கினாள். மாமனார் வாசலிலை நிண்டு, 'எங்கை பிள்ளை போறாய்?' எண்டார். அப்பா ஓடிப்போய்க் கேட்டதுக்கு அவர் முகத்திலை ஒரு சுருக்கமும் இல்லாமல், 'படிப்பை மதிக்கிறம் எண்டுதானே சொன்னனாங்கள், விடுறம் எண்டு எப்ப சொன்னனாங்கள்?' எண்டார். கோதாரியிலை போவார்! அவர் அமெரிக்காவிலை பிறந்திருந்தால் உச்ச நீதிமன்றத்திலை கறுப்பு உடுப்போடை இருந்திருப்பார். அக்காவின்ரை படிப்பு அண்டையோடை சரி. இண்டைக்கும் அவள் பிள்ளையளின்ரை பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்துக்கொண்டு இருக்கிறாள்.

அதுக்குப் பிறகு எங்கடை ஊரிலை மாப்பிள்ளையிட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை. கடைக்காரனைக் கேப்பம், பங்குச் சுவாமியாரைக் கேப்பம், பக்கத்துக் காணிக்காரனைக் கேப்பம், ஆள் குடிக்கிற இடத்திலை போய்க் கேப்பம். அதுதான் விசாரிக்கிறது. அமெரிக்கா எவ்வளவு பெரிய நாடு, சந்திரனுக்கு ஆள் அனுப்பின நாடு, ஒரு சம்பந்தம் விசாரிக்கத் தெரியேல்லை.

4

இனித்தான் என்ரை மகளின்ரை கதை. போன வருசம் நடந்தது.

கிளாரா இஞ்சை பிறந்து வளந்தவள். நான் தமிழிலை கேப்பன், அவள் பிரெஞ்சிலை பதில் சொல்லுவாள், அப்பிடியே எங்கடை சீவியம் போகுது. பார்மசியிலை வேலை. சின்னனிலை இதயத்திலை வால்வு மாத்தினது. நெஞ்சின்ரை நடுவிலை கோடு இருக்குது. இரத்தம் உறையாமல் இருக்க ஒவ்வொரு நாளும் குளிசை போடவேணும். அவளுக்குக் கலியாண வயசு வர, இதயப் பெரிய டாக்குத்தர் என்னையும் வைச்சுக்கொண்டுதான் சொன்னவர்: பிள்ளை பெறலாம், ஆனால் ஆபத்து இருக்கு, கவனமாய்ப் பாக்கவேணும், நடுவிலை கர்ப்பத்தை நிப்பாட்டவேண்டி வந்தாலும் வரும், அப்ப ஒரு நாள்கூடச் சுணங்கிப் பிந்தக்கூடாது.

நான் மாதா கோயில் பூசைக்குப் போற மனுசி. சுவாமியார் பிரசங்கத்திலை இதைப் பற்றி என்ன சொல்லுவார் எண்டு எனக்கும் தெரியும். ஆனால் அண்டைக்கு அந்த அறையிலை நான் நினைச்சது ஒண்டுதான்: என்ரை பிள்ளை எனக்கு வேணும். இந்த நாட்டிலை அந்த உரிமையை அரசியலமைப்பிலேயே எழுதின செய்தி வந்த நாள், கிளாரா சோபாவிலை இருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு இருந்தாள். நான் குசினிக்குள்ளை போய் அடுப்படியிலை நிண்டு அழுதுபோட்டு வந்தன்.

பிறகு வந்துது டெக்சஸ் மாப்பிள்ளை. பேர் ஜெறோம். மன்னார்ப் பக்கம், பத்து வயசிலை வெளிக்கிட்டுப் போனவர், இஞ்சினியர். என்ரை மனுசன்ரை ஒண்டுவிட்ட அக்கா சொல்லி வந்த பேச்சு. ரெண்டும் வீடியோவிலை கதைக்கத் துவங்கிச்சுதுகள், இங்கிலிசிலை. மாதங்கள் போச்சுது. எப்பவும் முகத்தைத் தூக்கிவைச்சுக்கொண்டு இருக்கிற என்ரை பெட்டை பாத்ரூமுக்குள்ளை பாடத் துவங்கினாள். என்ரை மனுசன் என்னைப் பாத்துக் கண்ணடிச்சார்.

கிளாரா முதற்கிழமையே வால்வு விசயத்தைச் சொல்லிப்போட்டாள். உறவுக்காரர் எல்லாம் ஐயோ, உதை ஏன் சொன்னனி எண்டு தலையிலை அடிச்சினம். எங்கடை சனம் பொம்பிளையின்ரை மூக்குக்கண்ணாடியையே மறைக்கிற சனம். அவள் சட்டையைக் கொஞ்சம் விலத்தி அந்தக் கோட்டைக் கமராவிலை காட்டினவளாம். அந்தப் பெடியன், 'அதாலை எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை' எண்டு சொன்னானாம். அது நல்ல குணம், இல்லை எண்டு சொல்லமாட்டன்.

ஆனால் மிச்சக் கேள்வி இருந்துதே. டெக்சசிலை அந்தத் தீர்ப்புப் போனதோடை கதவை அடிச்சுச் சாத்திப்போட்டாங்கள். தாயின்ரை உயிருக்கு ஆபத்தெண்டால் மட்டும்தான் கர்ப்பத்தை நிப்பாட்டலாம். எது ஆபத்து, எவ்வளவு ஆபத்து எண்டு யார் சொல்லுறது? கணக்குப் பிழைச்சால் டாக்குத்தருக்கு மறியல், வருசக்கணக்கிலை சிறை. ஆகவே அவையும் பயந்து பயந்து பொறுத்துப் பாப்பினமாம். கிளாரா தொலைபேசியிலை மூண்டு தரம் கேட்டாள். ஒருக்கால், 'அது வரேக்கை பாப்பம்.' ஒருக்கால், 'நல்ல டாக்குத்தர்மார் இருக்கினம், யோசிக்காதை.' மூண்டாந்தரம், 'நடக்காத விசயத்தைப் பற்றி இப்ப சொல்லுறது சரியில்லை.'

மூண்டாவதை அவள் எனக்குச் சொன்ன உடனை எனக்கு உச்சந்தலையிலை ஏறிச்சுது. 'உவன் எந்தக் கோட்டுக்கு நீதிபதியாய்ப் போறான்?' எண்டு கேட்டன். அவள் கதவை அடிச்சுச் சாத்திக்கொண்டு உள்ளை போட்டாள். எனக்கு எல்லாத்திலையும் அரசியலாம். ரெண்டு நாள் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

நானும் என்ன செய்யிறது? டெக்சசிலை எந்தக் கடைக்காரனைப் பிடிச்சு விசாரிக்கிறது?

5

ஆனி மாசம், நல்ல வெக்கை. ஜெறோமும் தாயும் லூர்து மாதாவிட்டைப் போற வழியிலை பாரிசிலை இறங்கினவை. என்ரை மனுசனுக்கு ரெஸ்ரோரண்ட் வேலையிலை லீவு கிடைக்கேல்லை. நானும் கிளாராவும் நாங்கள் இருக்கிற ஸ்தேனிலை இருந்து வந்து, எங்கடை தமிழ்க்கடையள் இருக்கிற லா சப்பலிலை அவையைச் சந்திச்சு, ரூ பெர்தொனே தெருவிலை ஒரு சாப்பாட்டுக் கடைக்குள்ளை கூட்டிக்கொண்டு போனம். சனிக்கிழமை. வெளியிலை கால் வைக்க இடமில்லை, சனம் மரவள்ளிக்கிழங்குக்கும் முருங்கைக்காய்க்கும் அடிபடுது. தாய், ஜெசிந்தா எண்டு பேர், கழுத்திலை தடிச்ச செபமாலை, வாயிலை எப்பவும் சிரிப்பு. கொத்துரொட்டியைக் கண்டுபோட்டு, அமெரிக்காவிலை இந்த ருசி வராது அக்கா எண்டு என்ரை கையைப் பிடிச்சா. பெடியனும் வடிவு. கிளாராவின்ரை தட்டிலை இருந்த பச்சைமிளகாயை ஒவ்வொண்டாய் எடுத்துத் தன்ரை தட்டிலை போட்டான். அதைப் பாக்க எனக்கே மனம் இளகிப்போச்சுது. இவ்வளவு பாசமான பெடியன், நான்தான் வீணாய் அலட்டிக்கொண்டு இருக்கிறனோ எண்டு நினைச்சன்.

தாய் கலியாண நாள் பற்றிக் கதையை எடுத்தா. மார்கழிக்குள்ளை முடிச்சால் விசா அலுவலைத் துவங்கலாமாம். அப்பத்தான் கிளாரா கரண்டியைக் கீழை வைச்சாள். இங்கிலிசிலை இல்லை, பிரெஞ்சிலையும் இல்லை, தமிழிலை கேட்டாள். எல்லாருக்கும் விளங்கவேணும் எண்டுதான். முதல்நாள் இரவு என்னட்டை ரெண்டு சொல்லுக்குத் தமிழ் கேட்டவள், நான் ஏனெண்டு யோசிக்கேல்லை.

"ஜெறோம், நான் கர்ப்பமாய் இருக்கேக்கை என்ரை இதயம் தாங்காது, நிப்பாட்டவேணும் எண்டு டாக்குத்தர் சொன்னால், அங்கத்தை ஆஸ்பத்திரி இன்னும் பொறுங்கோ எண்டு சொன்னால், நீங்கள் என்னை அண்டைக்கே வேறை மாநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போவீங்களோ? ஓமோ, இல்லையோ?"

"ஐயோ பிள்ளை," எண்டா தாய். "நல்ல காரியம் கதைக்கிற இடத்திலை என்ன கதையிது? மாதா இருக்கிறா. அப்பிடி ஒண்டும் வராது."

"நான் அவரைத்தான் கேட்டனான் ஆன்ரி."

ஜெறோம் தண்ணிக் கிளாசை எடுத்தான். நான் மனசுக்குள்ளை, இந்தா வருகுது முன்தீர்ப்பு, எண்டு நினைச்சன். "கிளாரா, உனக்கு எது நல்லதோ அதைத்தானே நான் யோசிப்பன்," எண்டான்.

"அது பதில் இல்லை."

பக்கத்து மேசையிலை இருந்த ரெண்டு பேர் சாப்பிடுறதை விட்டுப்போட்டு எங்களைப் பாக்கினம். தாய் சிரிச்சபடிதான் இருக்கிறா, ஆனால் மேசைக்குக் கீழை மகன்ரை முழங்காலைப் பிடிச்சு அமத்துறது எனக்குத் தெரியுது. அவன் கிளாசைக் கீழை வைச்சான்.

"இல்லை," எண்டான். "கூட்டிக்கொண்டு போகமாட்டன். அதுவும் ஒரு உயிர். என்னாலை அது ஏலாது கிளாரா. உன்னைக் காப்பாத்தச் சொல்லி நான் செபிப்பன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையிலை இருந்த சாம்பாரைத் தூக்கி அவன்ரை தலையிலை ஊத்தியிருப்பன். என்ரை பிள்ளை செத்துக்கொண்டிருக்க உவர் பக்கத்திலை முழந்தாளிலை நிண்டு செபமாலை சொல்லுவாராம்! அப்பிடிக் கொதிச்சுக்கொண்டு இருக்கேக்கையே, எனக்கு இன்னொண்டும் விளங்கிச்சுது. அவன்ரை கண் கலங்கியிருந்தது. அவனுக்கு அவளிலை விருப்பம். 'ஓம்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காரியம் முடிஞ்சுது, மார்கழியிலை கலியாணம். அது தெரிஞ்சும் சொல்லேல்லை.

அந்தப் பெரிய நீதிபதியளிட்டை உலகம் கேட்டதும் இவ்வளவுதானே? எங்களோடை ஒத்துப்போகச் சொல்லி ஆர் கேட்டது? 'இல்லை, நான் அதை மாத்துவன், அதுதான் என்ரை நம்பிக்கை' எண்டு அந்தக் கதிரையிலை இருந்து சொல்லியிருக்கலாம். கேட்டவை தங்கடை வழியைப் பாத்திருப்பினம். நம்பிக்கைக்காரராம், பைபிள் வாசிக்கிறவையாம். பொய் சொல்லாதை எண்ட எட்டாம் கட்டளை இருக்கிற பக்கம் மட்டும் அவையின்ரை பைபிளிலை கிழிஞ்சுபோச்சுதாக்கும். கொத்துரொட்டிக் கடையிலை ஒரு பெடியனுக்கு இருந்த முதுகெலும்பு அந்தக் கறுப்பு உடுப்புக்காரருக்கு இல்லாமல் போச்சுது. தூ!

கிளாரா, "சொன்னதுக்கு நன்றி," எண்டாள். மெய்யாய்த்தான் சொன்னவள், நக்கலாய் இல்லை. எழும்பிப் பாக்கைத் தோளிலை போட்டாள். நானும் எழும்பினன்.

நாங்கள் வாசலைத் தாண்டேல்லை, பின்னாலை அந்தத் தாயின்ரை குரல் கேக்குது. சிரிப்பெல்லாம் போட்டுது. பல்லை நெருமிக்கொண்டு மகனைப் பேசுறா:

"விசரா! உனக்கென்ன அவசரம்? உதைக் கலியாணம் முடிஞ்சாப்பிறகு சொல்லியிருக்கலாமே!"

6

கார் து நோர் ரெயில் நிலையம் வரைக்கும் நடந்தம். நான் அந்தத் தாயைத் திட்டிக்கொண்டே வந்தன், செனட்டுக்குப் போயிருக்கவேண்டிய மனுசி, வழிதவறி மாதாவிட்டை வந்திட்டா எண்டு. கிளாராவுக்கும் சிரிப்பு வந்துது. சிரிச்சுக்கொண்டே படியிலை இறங்கினாள். ரெயில் வந்து ஏறி இருந்த பிறகுதான் பாத்தன், அவள் சிரிக்கேல்லை. தோள் ரெண்டும் குலுங்குது. எதிரிலை இருந்த ஆபிரிக்க மனுசி ஒண்டும் கேக்காமல் கண் துடைக்க ஒரு ரிசுத்தாள் எடுத்து நீட்டினா.

நான் அவளின்ரை கையைப் பிடிச்சன். "விடு பிள்ளை, அவன் இல்லை எண்டு சொன்னது நல்லதாய்ப் போச்சு," எண்டன். ஊரிலை எண்டால் பத்துப் பேர் வந்து கதைச்சிருப்பினம். இஞ்சை நான் மட்டும்தான்.

அவள் முகத்தைத் துடைச்சுப்போட்டுப் பிரெஞ்சிலை ஒண்டு சொன்னாள். இவ்வளவு காலமும் எவ்வளவோ பேரின்ரை வாயிலை இருந்து வந்ததை நான் மாத்திச் சொல்லியிருக்கிறன். இதையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழிலை தாறன்.

"அவன் ஓம் எண்டு பொய் சொல்லியிருந்தால், அம்மா, நான் நம்பிப் போயிருப்பன்."